திமிங்கலத்தின் மூச்சு சொல்லும் செய்தி

நுழையுமுன்

நோயுற்ற மனிதர் மருத்துவரிடம் சென்று தம் துன்பத்தைக் கூறுவார். வீட்டு மாடு அசைபோடாமல் நின்றால், அதற்கு நோய் வந்திருப்பதை வளர்ப்பவர் உணர்ந்துகொள்வார். ஆழ்கடலில் வாழும் திமிங்கலத்திற்கு நோய் வந்தால் அதனை யார் அறிவார்? எவ்வாறு அறிவார்? இவ்வினாக்களுக்கு அறிவியல் கண்ட விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

குப்பமும் கடலும்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் ‘குப்பம்’ என்பது மீனவர் வாழும் ஊரைக் குறிக்கும் சொல். சென்னையின் நொச்சிக்குப்பம், ஊரூர்க்குப்பம் முதலிய பெயர்களில் அச்சொல்லைக் காணலாம். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்திலும் குப்பம் என்னும் ஊர் உள்ளது. ஆனால் அங்கு அலையும் இல்லை, படகும் இல்லை. தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கும் மேட்டுநிலத்தில், கடலிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் அவ்வூர் அமைந்துள்ளது.

எனினும் குப்பத்தையும் கடலையும் ஓர் ஆறு இணைக்கிறது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் பாலாறு, குப்பம் வட்டாரத்தின் வழியாகத் தமிழ்நாட்டிற்குள் நுழைகிறது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய ஊர்களைக் கடந்து, கல்பாக்கத்திற்குத் தெற்கே வங்கக் கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்தாலும் அதன் வழி கடலை நோக்கியே செல்கிறது. நிலமும் கடலும் வெவ்வேறு உலகங்கள் அல்ல என்பதற்கு அந்த ஆறு ஒரு சான்று. உயிரினங்களைத் தாக்கும் நோய்களும் அத்தகையனவே. நாட்டில் நாயைத் தாக்கும் நோய், காட்டில் சிங்கத்தையும் கடலில் கடல்நாயையும் தாக்கியதுண்டு. ஆகவே திமிங்கலத்தின் நோயைப் பற்றி அறிவது கடற்கரையில் வாழ்வோருக்கு மட்டும் உரியதன்று.

மணப்பாட்டுக் கரையில்

1973ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், மன்னார் வளைகுடாவில் மணப்பாடு, குலசேகரப்பட்டினம் ஆகிய ஊர்களை ஒட்டிய கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள் அந்நிகழ்வைப் பதிவு செய்தனர். சரியாக 43 ஆண்டுகள் கழிந்து, 2016ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஏறக்குறைய அதே நாள்களில், அதே கடற்பகுதியில், 80க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் மீண்டும் கரையொதுங்கின. மீனவர்கள் அவற்றைக் கயிற்றால் கட்டிப் படகுகளில் இழுத்துச் சென்று ஆழ்கடலில் விட்டனர். விடப்பட்டவற்றுள் சில, கரைக்கே திரும்பி வந்தன. சுமார் 45 திமிங்கலங்கள் உயிரிழந்தன. இறந்த உடல்கள் கடற்கரையிலேயே புதைக்கப்பட்டன.

இரு நிகழ்வுகளிலும் கரையொதுங்கியவை குட்டைத்துடுப்புப் பைலட் திமிங்கலங்கள் ஆகும். பெயரில் திமிங்கலம் என்றிருந்தாலும் இவை ஓங்கில் எனப்படும் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. தாய், மகள், பேத்தி எனப் பல தலைமுறைகள் ஒரே கூட்டமாக வாழும் இயல்புடையவை. கூட்டத்தில் ஒன்று தடம் மாறினால் மற்றவை அதனை விட்டுப் பிரிவதில்லை. கடலில் அவற்றைக் காக்கும் அந்தப் பாசமே கரையோரத்தில் அவற்றுக்குக் கேடாக முடிகிறது.

இத்தகைய நிகழ்வுகளுக்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. சரிவு குறைந்த மணற்கரை திசையறியும் திறனைக் குழப்பியிருக்கலாம். கடலடியில் எழுந்த பேரொலி அச்சுறுத்தியிருக்கலாம். வழிநடத்தும் விலங்கு நோயுற்றிருக்கலாம். நோய்தான் காரணமா என்பதைக் கரையில் நின்று கண்ணால் பார்த்துக் கூற இயலாது. உடலின் உட்புறத்தை ஆராய்ந்த பின்னரே கூற இயலும். அதற்குக் கிடைக்கும் காலமோ மிகக் குறைவு.

ஒரே குடும்பத்து நோய்கள்

வைரஸ் எனப்படும் தீநுண்மி, நுண்ணோக்கியிலும் எளிதில் புலப்படாத அளவு சிறியது. அது தனித்து வாழாது. மற்றோர் உயிரின் உயிரணுவிற்குள் புகுந்தே பெருகும். தீநுண்மிகளிலும் குடும்பங்கள் உண்டு. அவற்றுள் ‘மார்பிலி’ என்னும் பிரிவு, தமிழகச் சிற்றூர்களுக்கு வேறு பெயர்களில் நன்கு அறிமுகமானது. குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை, மாடுகளை மாய்த்த வெக்கை நோய், வெள்ளாடுகளையும் செம்மறி ஆடுகளையும் தாக்கும் ஆட்டுக்கொல்லி நோய், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் ஆகிய அனைத்தும் மார்பிலித் தீநுண்மிகளால் விளைபவை. ஒரு காலத்தில் உழவரின் கால்நடைச் செல்வத்தை அழித்த வெக்கை நோய், தடுப்பூசியின் துணையால் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2011ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது.

திமிங்கலங்களையும் டால்பின்களையும் தாக்கும் மார்பிலித் தீநுண்மியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. அது நுரையீரலையும் மூளையையும் தாக்குகிறது. நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குறைக்கிறது. அதனால் வேறு கிருமிகளும் எளிதில் உடலுள் புகுகின்றன. மூளை பாதிக்கப்பட்ட விலங்கு திசை தடுமாறுகிறது. நுரையீரல் பாதிக்கப்பட்ட விலங்கு நீந்தவும் மூழ்கவும் வலுவிழக்கிறது. திமிங்கலங்கள் மீன்கள் அல்ல. நுரையீரலால் மூச்சு விடும் பாலூட்டிகள். கூட்டமாக நீரின் மேற்பரப்பிற்கு வந்து மூச்சு விடும்போது ஒன்றின் மூச்சிலிருந்து மற்றொன்றிற்கு நோய் பரவ வாய்ப்புண்டு.

இக்குடும்பத்தின் ஆற்றலை இந்தியாவும் கண்டுள்ளது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. மாதிரிகளை ஆராய்ந்த புனேயின் தேசிய நச்சுயிரியல் நிறுவனம், அவற்றில் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் தீநுண்மி இருப்பதைக் கண்டறிந்தது. 2000ஆம் ஆண்டில் காஸ்பியன் கடலில் ஆயிரக்கணக்கான கடல்நாய்கள் மடிந்ததற்கும் அதே தீநுண்மி காரணமாயிற்று.

கடல்நாய்களைக் கொன்றது எது?

கடல்விலங்குகளின் நோயறியும் துறையில் 1988ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு ஏப்ரல் மாதம், டென்மார்க்கைச் சேர்ந்த ஆன்ஹோல்ட் தீவில் கடல்நாய்க் குட்டிகள் உரிய காலத்திற்கு முன்பே இறந்து பிறந்தன. விரைவில் வளர்ந்த விலங்குகளும் மூச்சுத் திணறி மடியத் தொடங்கின. சில மாதங்களில் வடகடல் நாடுகளின் கரைகளில் சுமார் 18,000 கடல்நாய்கள் இறந்தன.

ஆலைக் கழிவுகளால் கடல் நஞ்சானதே காரணம் என மக்கள் கருதினர். அக்கருத்து இயல்பானதே. ஆனால் நெதர்லாந்தின் தீநுண்மியியல் அறிஞர் ஆல்பர்ட் ஆஸ்டர்ஹாவுஸ் குழுவினர், நோயுற்ற கடல்நாய்களின் இரத்தத்தை ஆராய்ந்தனர். உடலுக்குள் கிருமி புகுந்தால் அதனை எதிர்க்க இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உருவாகும். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி பொருந்துவதுபோல், ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய கிருமியுடனோ அதன் நெருங்கிய உறவுடனோ மட்டுமே இணையும். கடல்நாய்களின் இரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்கள், நாய்களின் டிஸ்டெம்பர் தீநுண்மியுடன் இணைந்தன. கொலையாளி எந்தக் குடும்பம் என்பது அதனால் வெளிப்பட்டது. அது நாய்த் தீநுண்மியே அன்று, அதற்கு நெருங்கிய உறவான புதியதொரு தீநுண்மி என்பது பின்னர் உறுதியாயிற்று.

அதன்பின் அறிஞர்கள் கடலைப் புதிய கண்ணோடு நோக்கினர். 1990ஆம் ஆண்டு ஸ்பெயின் கரையருகே தொடங்கி மத்தியதரைக் கடலெங்கும் பரவிய நோயில் ஆயிரக்கணக்கான வரி டால்பின்கள் இறந்தன. 2013 முதல் 2015 வரை அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் 1,600க்கும் மேற்பட்ட டால்பின்கள் கரையொதுங்கின. இரண்டிலும் மார்பிலித் தீநுண்மியே காரணம் எனக் கண்டறியப்பட்டது.

இறந்த உடலின் சாட்சியம்

நெடுங்காலம் வரை, கரையொதுங்கிய உடலே அறிஞர்களுக்குக் கிடைத்த முதன்மையான சான்று. ஒரு திமிங்கலம் இறந்து ஒதுங்கினால், முதலில் அதன் உடல்நிலை மதிப்பிடப்படும். உயிருடன் உள்ளது, புதிதாக இறந்தது, சிதைவு தொடங்கியது, மிகச் சிதைந்தது, எலும்பும் தோலுமாக எஞ்சியது என ஐந்து நிலைகளாக அதனைப் பகுப்பர். புதிதாக இறந்த உடலே நோயறிய மிகவும் ஏற்றது. உடற்கூறாய்வின்போது நுரையீரல், மூளை, மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள் ஆகியவற்றிலிருந்து சிறு துண்டுகள் எடுக்கப்படும். சில துண்டுகள் திசுவின் அமைப்பு மாறாதிருக்க மருந்துநீரில் இடப்படும். சில கடுங்குளிரில் உறையவைக்கப்படும்.

இங்கே ஒரு பெரும் இடர் உள்ளது. குளிர்ந்த நீரில் உடல்வெப்பத்தைக் காப்பதற்காகத் திமிங்கலத்தின் தோலுக்கடியில் தடித்த கொழுப்படுக்கு அமைந்துள்ளது. இறந்தபின்னும் அது வெப்பத்தை வெளியே விடுவதில்லை. போர்வை போர்த்திய அடுப்பைப்போல் உட்புறம் வெந்து, உறுப்புகள் விரைவாக அழுகுகின்றன. வெளித்தோற்றம் புதிதாக இருக்கும்போதே உள்ளுறுப்புகள் ஆய்வுக்கு உதவாத நிலையை அடைந்துவிடும். தமிழகக் கடற்கரையின் வெயில் இச்சிதைவை மேலும் விரைவாக்குகிறது. மார்பிலித் தீநுண்மியின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும் தன்மையது. எனவே செய்தி ஒருநாள் தாமதமானாலும் சான்று அழிந்துவிடலாம்.

மற்றொரு குறையும் உண்டு. கடலில் இறக்கும் திமிங்கலங்களுள் பெரும்பாலானவை கரையை அடைவதே இல்லை, ஆழத்தில் அமிழ்ந்துவிடுகின்றன. கரைக்கு வந்த சிலவற்றை மட்டும் கொண்டு கடலில் உள்ள அனைத்தின் நலத்தையும் மதிப்பிடுவது, மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு ஊரின் நலத்தைக் கணிப்பதற்கு ஒப்பாகும். உயிருடன் நீந்தும் விலங்குகளையும் ஆராய வேண்டும். ஆனால் அவற்றின் அருகே செல்வது எப்படி?

மூச்சைப் பிடிக்கும் தட்டு

சிறிய டால்பின்களைச் சில இடங்களில் வலையிட்டுப் பிடித்து, இரத்தம் எடுத்து, மீண்டும் விடுகின்றனர். பெருந்திமிங்கலத்தை அவ்வாறு பிடிக்க இயலாது. அதன் தோலில் சிறு துண்டு எடுக்கச் சிற்றம்பு எய்யும் முறை உண்டு. அது பயன் தருவதே எனினும், விலங்கிற்குச் சிறு காயத்தை உண்டாக்குகிறது. துன்புறுத்தாத வழி ஒன்றை அறிஞர்கள் தேடினர். அவ்வழியைத் திமிங்கலமே காட்டியது.

திமிங்கலத்தின் தலைமேல் ஊதுதுளை உள்ளது. நீரின் மேற்பரப்பிற்கு வந்ததும் அது பெருவிசையுடன் மூச்சை வெளியேற்றும். தொலைவிலிருந்து காண்போருக்கு நீரூற்றுப்போல் தோன்றும் அம்மூச்சில், நீர்த்துளிகளோடு நுரையீரலின் சளியும் உயிரணுக்களும் நுண்ணுயிர்களும் கலந்திருக்கும். மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாவில் பணியாற்றிய கரினா அசெவெடோ ஒயிட்ஹவுஸ் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், தொலைவிலிருந்து இயக்கும் சிறு ஹெலிகாப்டரில் பெட்ரித் தட்டுகளைக் கட்டி, திமிங்கலத்தின் மூச்சுத் தூறலுக்குள் பறக்கவிட்டனர். அம்முயற்சிக்கு 2010ஆம் ஆண்டு ‘இக் நோபல்’ பரிசு கிடைத்தது. கேட்டவுடன் சிரிப்பையும் பின்னர் சிந்தனையையும் எழுப்பும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் பரிசு அது. சிரித்தவர்கள் பின்னர் சிந்திக்கவே செய்தனர்.

2017ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரக் கடலருகே, வெனெசா பிரோட்டா முதலிய அறிஞர்கள் ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியைப் பயன்படுத்தினர். அதில் மூடியுடன் கூடிய தட்டு பொருத்தப்பட்டிருந்தது. காற்றிலும் கடல்நீரிலும் உள்ள வேறு நுண்ணுயிர்கள் கலவாதிருக்க, திமிங்கலம் மூச்சு விடும் நொடியில் மட்டும் மூடி திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். இவ்வாறு 19 கூன்முதுகுத் திமிங்கலங்களின் மூச்சு திரட்டப்பட்டது. அதில் அதுவரை அறியப்படாத ஆறு தீநுண்மி இனங்கள் காணப்பட்டன. தீநுண்மி இருப்பதாலேயே அத்திமிங்கலங்கள் நோயுற்றிருந்தன எனக் கொள்ளலாகாது. நலமான உடலிலும் பல நுண்ணுயிர்கள் இயல்பாகவே வாழ்கின்றன. நலமாக இருக்கும்போது என்னென்ன இருக்கின்றன என்பதை அறிந்தால்தான், நோய்க்காலத்தில் புதிதாக வந்தது எது என்பதை அறிய முடியும்.

அண்மையில் வட நார்வேயின் குளிர்கடலிலும் இம்முறையால் திமிங்கலங்களின் மூச்சு திரட்டப்பட்டது. ஆர்க்டிக் வட்டத்திற்கு வடக்கேயும் மார்பிலித் தீநுண்மி பரவியிருப்பதை அவ்வாய்வு வெளிப்படுத்தியது.

ஒன்றைப் பலவாக்கும் முறை

தட்டில் சேரும் சில துளிகளில் தீநுண்மியின் அளவு மிகக் குறைவு. அதனை எவ்வாறு கண்டறிவது? கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் மக்கள் நாவில் வழங்கிய ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனையே இங்கும் உதவுகிறது. முதலில் தீநுண்மியின் ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு, ஒரு நொதியின் துணையால் டி.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். பின்னர் மாறிமாறிச் சூடாக்கியும் குளிர்வித்தும் அதனைப் பெருக்குவர். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இவ்வாறு 30 சுற்றுகள் தடையின்றி நடந்தால், ஒரே ஒரு படி 100 கோடிக்கும் மேற்பட்ட படிகளாகும். தேடிய தீநுண்மி மாதிரியில் இருந்தால் மட்டுமே இப்பெருக்கம் நிகழும். இல்லையெனில் கருவி அமைதியாக இருக்கும்.

‘இல்லை’ என்னும் விடையும் மதிப்புடையதே. கரையொதுங்கிய விலங்கில் தீநுண்மி இல்லை என உறுதியானால், ஒலியையோ நஞ்சையோ வலையையோ காரணமாகத் தேடத் தொடங்கலாம்.

கண்டதெல்லாம் காரணமா?

1997ஆம் ஆண்டு ஆப்பிரிக்காவின் மேற்கு சகாராக் கரையில், மிக அரிய மத்தியதரைக் கடல் துறவிக் கடல்நாய்களின் குடியிருப்பில் மூன்றில் இரண்டு பங்கு இரு மாதங்களுக்குள் அழிந்தது. ஒரு குழுவினர் இறந்த உடல்களில் மார்பிலித் தீநுண்மியைக் கண்டனர். மற்றொரு குழுவினர் நஞ்சுடைய கடற்பாசியின் தடயங்களைக் கண்டனர். இரு குழுவினரின் சான்றுகளும் உண்மையானவையே. ஆனால் உயிரைப் பறித்தது எது என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது.

ஆகவே ஒரு தீநுண்மியைக் கண்டவுடன் அதுவே காரணம் எனத் தீர்ப்பளிப்பது அறிவியல் ஆகாது. தீநுண்மியின் மரபுப்பொருள் கிடைக்க வேண்டும். அது தாக்கும் உறுப்பில் நோயின் சிதைவு காணப்பட வேண்டும். வேறு காரணங்கள் ஆராயப்பட்டு விலக்கப்பட வேண்டும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது, அவ்விலங்கு என்றோ ஒருநாள் அத்தீநுண்மியை எதிர்கொண்டு பிழைத்ததைக் காட்டுமேயன்றி, இன்று நோயுற்றிருப்பதைக் காட்டாது.

யானையும் திமிங்கலமும்

குப்பம் வட்டாரத்தில் திமிங்கலம் இல்லை. ஆனால் யானை உண்டு. 1980களில் அண்டை மாநிலக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் சித்தூர் மாவட்டக் காடுகளுக்கு வந்து சேர்ந்தன. அவற்றுக்குப் புகலிடமாகக் குப்பம், பலமநேர் பகுதிகளில் கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. மாநில எல்லைகளை அறியாத அந்த யானைகள், ஆந்திரக் காட்டிற்கும் தமிழகக் காட்டிற்கும் இடையே நடந்து திரிகின்றன.

யானைகளுக்கும் கொடிய தீநுண்மி நோய் ஒன்று உண்டு. அது ஹெர்பிஸ் வகையைச் சேர்ந்தது. இளங்கன்றுகளைச் சில நாள்களுக்குள் கொல்லவல்லது. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் உயிரியல் பூங்காவில் இறந்த ‘குமாரி’ என்னும் யானைக்கன்றின் உடலை ஆராய்ந்தபோது இந்நோய் தெளிவாக அறியப்பட்டது. தென்னிந்தியக் காடுகளில் இறந்த யானைக்கன்றுகளிலும் அது இருந்ததை 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது.

பழக்கப்பட்ட யானைகளிடம் இத்தீநுண்மியைத் தேடும் முறை வியப்புக்குரியது. உப்புநீரைத் துதிக்கையில் ஊற்றி, துதிக்கையை உயர்த்தச் செய்து, பின்னர் ஒரு பையில் ஊதச் செய்கின்றனர். யானை பையில் ஊதுகிறது. திமிங்கலம் தட்டில் ஊதுகிறது. நிலத்தின் பெருவிலங்கும் நீரின் பெருவிலங்கும் தம் நலத்தைத் தம் மூச்சிலேயே வெளிப்படுத்துகின்றன. ஆனால் காட்டு யானையை அவ்வாறு ஊதச் செய்ய இயலாது. இறந்த கன்று உரிய காலத்தில் கண்டறியப்பட்டால்தான் நோயும் கண்டறியப்படும். மணப்பாட்டுக் கரைக்குரிய அதே நிபந்தனை கௌண்டின்யக் காட்டிற்கும் பொருந்துகிறது.

அறிந்தபின் செய்யத் தக்கவை

நோயை அறிவதன் பயன் உயிரைக் காப்பதே. ஹவாய்த் தீவுகளில் சுமார் 1,600 துறவிக் கடல்நாய்களே எஞ்சியுள்ளன. மார்பிலித் தீநுண்மி ஒருமுறை புகுந்தால் அவ்வினமே அழியக்கூடும் என்பதை உணர்ந்த அமெரிக்க அறிஞர்கள், 2016ஆம் ஆண்டு முதல் அவற்றுக்குத் தடுப்பூசி செலுத்துகின்றனர். கடலில் திரியும் காட்டுவிலங்குகளுக்கு இவ்வாறு தடுப்பூசி இடுவது அதுவே முதன்முறை.

தமிழகக் கடலிலும் அத்தகைய அரிய உயிர் ஒன்று உள்ளது. மீனவர்கள் ‘ஆவுளியா’ என அழைக்கும் கடற்பசு, கடற்புற்களை மேய்ந்து வாழும் சாதுவான பாலூட்டி. அதனைக் காக்க, 2022ஆம் ஆண்டு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எண்ணிக்கையில் குறைந்த இனத்திற்கு ஒரு கொள்ளைநோயைத் தாங்கும் வலிமை இருப்பதில்லை. ஆகவே அங்கு ஒதுங்கும் ஒவ்வோர் உடலும் ஆராயத் தக்க சான்றாகும்.

பறவைக் காய்ச்சல் தீநுண்மி இத்தேவையை மேலும் வலியுறுத்துகிறது. 2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தென் அமெரிக்காவிற்குள் நுழைந்த அத்தீநுண்மி, பெரு, சிலி நாடுகளின் கரைகளில் ஆயிரக்கணக்கான கடல்சிங்கங்களைக் கொன்றது. 2023ஆம் ஆண்டு அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் சுமார் 17,000 யானைக் கடல்நாய்கள் இறந்தன. அவற்றுள் பெரும்பாலானவை குட்டிகள். இந்தியாவில் பறவைக் காய்ச்சலை உறுதிசெய்யும் பணியை, போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்குநோய் தேசிய நிறுவனம் மேற்கொள்கிறது.

சில கடல்விலங்கு நோய்கள் மனிதருக்கும் தொற்றும். 1979, 1980ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் காய்ச்சல் தீநுண்மியால் 400க்கும் மேற்பட்ட கடல்நாய்கள் இறந்தன. அவ்வுடல்களை ஆராய்ந்தவர்களுள் சிலருக்குக் கண்ணழற்சி ஏற்பட்டது. ஆகவே கரையொதுங்கிய விலங்கைக் கையால் தொடலாகாது; அதன் மூச்சு மேலே படும் தொலைவில் நிற்கலாகாது; நாய்களையும் அருகே விடலாகாது. வனத்துறைக்கோ காவல்துறைக்கோ உடனே தெரிவிக்க வேண்டும்.

தட்டு, வானூர்தி, பெருக்கும் கருவி, உயர் பாதுகாப்பு ஆய்வகம் ஆகிய அனைத்தும் ஒரு செய்தி வந்தபின்னரே செயற்படும். அச்செய்தியை முதலில் தருபவர் விடியற்காலையில் கரைக்கு வரும் மீனவராகவோ, காட்டோரம் மாடு மேய்க்கும் உழவராகவோ இருப்பார். அவர் கண்டதை உடனே சொன்னால், பேசாத பேருயிரின் துன்பத்திற்கு ஒரு பெயர் கிடைக்கும். பெயர் தெரிந்த நோயை எதிர்க்க மனிதர் வழி காண்பர். வெக்கை நோய் ஒழிந்த வரலாறு அதற்குச் சான்று.

சொல்லும் பொருளும்

தீநுண்மி – நோய் உண்டாக்கும் மிகச் சிறிய நுண்பொருள், வைரஸ்
கரையொதுங்குதல் – கடல்வாழ் உயிர் கரைக்கு வந்து சேர்தல்
எதிர்ப்பொருள் – கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருள்
கொழுப்படுக்கு – தோலுக்கடியில் உள்ள கொழுப்பாலான படலம்
உடற்கூறாய்வு – இறந்த உடலைத் திறந்து ஆராய்தல்
நொதி – உடலில் வேதிமாற்றத்தை விரைவாக்கும் பொருள்
மாதிரி – ஆய்வுக்காக எடுக்கப்படும் சிறு பகுதி

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. குப்பம் வட்டாரத்தின் வழியாகப் பாய்ந்து வங்கக் கடலில் கலக்கும் ஆறு ________.
2. கடற்பசுவை மீனவர்கள் ________ என அழைப்பர்.
3. உலகிலிருந்து ஒழிக்கப்பட்ட மாட்டு நோய் ________.

ஆ. சரியா, தவறா எனக் கூறித் தவறானவற்றைத் திருத்தி எழுதுக.
1. திமிங்கலம் செவுள்களால் மூச்சு விடும் மீனினம்.
2. இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் விலங்கு இன்று நோயுற்றுள்ளது என்பது உறுதி.
3. பைலட் திமிங்கலங்கள் கூட்டமாக வாழும் இயல்புடையவை.

இ. பிரித்து எழுதுக.
கடற்கரை, பேருயிர், நுண்ணுயிர், உடற்கூறு

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. இறந்த திமிங்கலத்தின் உள்ளுறுப்புகள் விரைவில் அழுகுவது ஏன்?
2. மூச்சைத் திரட்டும் தட்டிற்கு மூடி பொருத்தப்பட்டது ஏன்?
3. ‘இல்லை’ என்னும் விடையும் மதிப்புடையது எனக் கூறுவதன் காரணம் யாது?

உ. பத்துத் தொடர்களில் விடை எழுதுக.
1. யானையின் நோயறிதலையும் திமிங்கலத்தின் நோயறிதலையும் ஒப்பிட்டு எழுதுக.
2. ஒரு தீநுண்மியைக் கண்டவுடன் அதுவே இறப்பிற்குக் காரணம் எனக் கூறலாகாது. பாடத்திலுள்ள நிகழ்வைக் கொண்டு விளக்குக.

ஊ. செயல்பாடு
சொந்த ஊரில் ஆடு, மாடு, கோழி ஆகியவற்றுக்கு வரும் நோய்களுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களைத் தாத்தா, பாட்டி அல்லது உறவினரிடம் கேட்டுத் தொகுக்க. அந்நோய்களுள் எவை தீநுண்மியால் வருபவை என்பதை ஆசிரியர் துணையுடன் கண்டறிந்து வகுப்பில் கூறுக.